காகிதச் சம்பளம்

பள்ளிக்கூட நாட்களின் இனிமையான நினைவு ஒன்றை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி நம் குரூப்பில் கேட்டிருந்தீர்கள். நாலு நாள் யோசித்தேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறு எதுவும் வருவதில்லை. பத்தாம் வகுப்பில் பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக இருந்த அந்த மூன்று மாதம்தான் வந்து நிற்கிறது. அது இனிமையானது இல்லை, ஒரு பக்கத்தில் அடங்குவதும் இல்லை. நம் சந்திப்பு மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

போன வாரம் நீங்கள் போட்ட வகுப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் எனக்கு இடப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. போட்டோ எடுக்க வந்தவர் "நெருங்கி நில்லும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். நான் நெருங்கவில்லை. "அந்த கேப்புல யாருடி இருந்தது?" என்று உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள். யாரும் பதில் போடவில்லை. அங்கே நின்றிருக்க வேண்டியவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விடுதியில் என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் வானம் பார்த்த ஒரு காட்டு ஊர். அப்பா இறந்ததும், இருந்த கொஞ்ச நிலத்தைப் பெரியப்பா, சித்தப்பாமார் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் மகளுமாகத் தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் ஆத்தூர்க்காரி. எங்கள் ஊரில் அணைத் தண்ணீர் உண்டு, தென்னை உண்டு, வீட்டில் இரண்டு எருமை உண்டு. சனிக்கிழமை அப்பா வரும்போது தூக்குவாளி நிறைய ஏதாவது வரும். அவளுக்கு யாரும் எதுவும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. என் தூக்குவாளியை நடுவில் வைத்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். தின்ற கணக்குக்கு அவள் என் பாவாடைக்குக் கிழிசல் தைத்துத் தந்துவிடுவாள். சும்மா எதையும் வாங்க மாட்டாள்.

அந்த வருடம் தையல் வகுப்புக்குத் துணி வரவில்லை. நூலும் வரவில்லை. இருந்த மூன்று மிஷினில் இரண்டுக்குப் பெல்ட் அறுந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் தையல் டீச்சருக்கு. நாம் அந்த நீளமான அறையில், மிஷின் எண்ணெய் வாடையில், ஜன்னல் வழியே திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தையல் டீச்சருக்கு அப்போது முப்பது வயதுகூட இருந்திருக்காது. நமக்கு அவர் பெரிய மனுஷியாகத் தெரிந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போனவர் என்று விடுதிச் சமையல்காரம்மா சொல்லித் தெரியும். தனியாக ஒரு அறை எடுத்து இருந்தார். தினமும் ஒரே டிபன் பாக்ஸ். கழுத்தில் ஒன்றும் கிடையாது, கையில் ஒரு வாட்ச் மட்டும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"துணி எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வராமலேயும் போகலாம். அதுக்காக நாம சும்மா உக்காந்திருக்க முடியாது. நாளைக்கு உங்கள யாரும் பாக்கலைன்னு வைங்க. அப்பன் இல்ல, புருஷன் இல்ல. கையில மாசம் ஒரு சம்பளம் வருது. அத வச்சு ஒரு மாசம் உசுரோட இருக்கணும். இருந்துருவீங்களா?"

சிலர் சிரித்தீர்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

டப்பாவுக்குள் மடித்த சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, ஒரு சம்பளம். எனக்கு நர்ஸ் விழுந்தது. நம்மில் இப்போது பேங்கில் மேனேஜராக இருப்பவளுக்குப் பூக்கடையில் பூக்கட்டும் வேலை. அவள் அழுதே விட்டாள். என் பக்கத்துப் பாய்க்காரிக்கு வந்தது பஞ்சு மில். சீட்டைப் பார்த்ததும் மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "என்னடி வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "வரவேண்டியதுதான் வந்திருக்கு" என்றாள்.

வாடகை, அரிசி, வெஞ்சனத்துக்குக் காய், விறகோ மண்ணெண்ணெயோ, சோப்பு, பஸ் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். விலையை நாமே விசாரித்து வர வேண்டும். வாரா வாரம் டீச்சர் வேறொரு சீட்டை எடுக்கச் சொல்வார். அதில் காய்ச்சல் இருக்கும், சொந்தக்காரர் கல்யாணம் இருக்கும், செருப்பு அறுந்திருக்கும். அந்தச் செலவையும் அந்தச் சம்பளத்துக்குள் அடக்க வேண்டும்.

முதல் வாரம் நான் சமர்ப்பித்த வாழ்க்கையை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு சினிமா, கண்ணாடி வளையல், பட்டு ரிப்பன் என்று எழுதியிருந்தேன். அரிசி எழுதினேன், அடுப்புக்கு ஒன்றும் எழுதவில்லை.

"பச்சரிசியா மென்னு திங்கப் போறியா, நர்ஸம்மா?" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அது விளையாட்டு. ஆத்தூரில் அடுப்பு எரியாத நாள் ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

அவள் சிரிக்கவில்லை. அன்று மாலை குழாயடியில் எனக்குப் பின்னால் நின்றவள், "டீச்சரு வெளையாட்டுக்குச் சொல்லலடி" என்றாள். "அவுங்க அப்படித்தான் இருக்காக. மாசக் கடைசில டிபன் பாக்ஸத் தொறக்கவே மாட்டாக, பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை.

விலை விசாரிக்க சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வெளியே போக வார்டன் அம்மா அனுமதி தந்தார். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். நீங்கள் எல்லாரும் கடைவீதிக்குப் போனீர்கள். நானும் அவளும் வெங்காயப் பேட்டையைத் தாண்டி நடந்தோம். தெருவெல்லாம் வெங்காயச் சருகு காற்றில் பறந்து காலில் ஒட்டியது. அதற்கும் அப்பால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை வர ஆரம்பித்த இடத்தில் ஒரு சந்துக்குள் திரும்பினாள். ஒரு காம்பவுண்டு. எதிரெதிராக ஆறு ஆறு ஒற்றை அறைகள், நடுவில் ஒரு அடிகுழாய். அவள் நேராகப் போய், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் நின்றாள்.

"அக்கா, ரூம் ஒண்ணு காலியா இருக்குன்னாங்க."

"யாருக்கு?"

"எனக்கும் எங்கம்மாவுக்கும்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். யூனிபார்ம் பாவாடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை.

"அப்பன்?"

"இல்லக்கா."

"ஆம்பள இல்லாத வீட்டுக்கு விடுறதில்ல பாப்பா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் பதில் சொல்றேன்க்கா."

அவள் சொன்ன விதத்தில் அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். கதவைத் திறந்து காட்டினார். எட்டுக்கு எட்டு இருக்கும். மூலையில் சமையல் மேடை, சுவரில் முன்பு இருந்தவர்கள் அடித்த ஆணிகள். அவள் உள்ளே போய், சுவரிலிருந்து சுவர்வரை அடி வைத்து அளந்தாள். ஜன்னல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள்.

"தொண்ணூறு ரூவா. ரெண்டு மாசம் முன்பணம். பரீட்ச முடிஞ்சு வா, அதுவரைக்கும் ஆள் வரலைன்னா பாப்போம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

திரும்பும்போது நான் சிரித்தேன். "நோட்டுல எழுத இம்புட்டா நடிக்கணும்? தொண்ணூறுன்னு நீயே போட்டுக்கிட்டா என்ன?"

அவள் காம்பவுண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அம்மாவுக்குக் குழாயடி ரொம்பப் பக்கம், பாத்தியா?" என்றாள்.

அவளிடம் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று டீச்சருக்கு. அதில் மில் வேலைக்காரியின் கணக்கை அரைப் பக்கத்தில் ஏனோதானோ என்று எழுதியிருந்தாள். இன்னொன்று அவள் தகரப் பெட்டியின் அடியில், மடித்த தாவணிக்குள். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் துணி துவைக்கப் போயிருந்தபோது எனக்குக் காட்டினாள்.

அதில் மில் இல்லை. நாகல் நகர்ப் பக்கம் உள்பாவாடை தைக்கத் துணியும் மிஷினும் கொடுக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்திருந்தாள். பாவாடைக்கு அறுபது பைசா. ஒரு நாளைக்கு இருபது தைக்கலாம், ஞாயிறு போக மாதம் முந்நூறு. கீழே வரிசையாக வாடகை, அரிசி, வெஞ்சனம், மண்ணெண்ணெய். அம்மாவுக்குத் தினம் கால் லிட்டர் பால். அம்மாவுக்கு இருமல் மருந்து. முதல் மாதம் மட்டும் ஒரு பூட்டு, சாவி இரண்டு. முன்பணத்துக்கு நேராக ‘என் தோடு’ என்று எழுதியிருந்தாள். எல்லாம் போகப் பத்து ரூபாய் ஐம்பது பைசா மீதி. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"பரீட்ச முடிஞ்சதும் மாமா என்னைய மில்லுல சேக்கப் போறாரு" என்றாள். "மூணு வருஷம் உள்ளயே தங்கணும். முடிச்சா மொத்தமா ஒரு தொக. புரோக்கரு வந்து பேசிட்டுப் போயாச்சு. மாமாவுக்கு அந்தத் தொகையில போர் போடணும். கெணறு வத்திப்போச்சு."

"ஒங்கம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மா என்னத்தச் சொல்லும்? அது மாட்டுக்கொட்டத்துல படுக்குது. இருமுனா உள்ள புள்ளைக முழிச்சுக்கிருதாம். மூணு வருஷம் நான் உள்ள போயிட்டா அதை யாரு பாப்பா?" நோட்டை மூடினாள். "யாருகிட்டயும் சொல்லிராத. டீச்சர்கிட்டயும்தான். அவுங்களுக்குத் தெரிஞ்சா நல்லது பண்றேன்னு மாமாகிட்டப் பேசப் போயிருவாக."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

பெற்றோர் கூட்டம் பிப்ரவரியில் வந்தது. அந்த வாரத் தொடக்கத்தில் தலைமை ஆசிரியை தையல் டீச்சரைக் கூப்பிட்டு, தையல் வகுப்பில் தையல் தவிர எல்லாம் நடக்கிறதாமே என்று கேட்டிருக்கிறார். அறைக்கு வெளியே நின்ற நம் வகுப்புத் தலைவி அதைக் கேட்டு வந்து சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் முகம் வாடியிருந்தது. எல்லார் நோட்டையும் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெற்றோர் முன்னால் வாசித்துக் காட்ட ஒரு நல்ல நோட்டு வேண்டும் என்றார். ஒன்றிலும் அவர் முகம் தெளியவில்லை. என் பக்கத்துப் பாய்க்காரியின் நோட்டு வந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அரப் பக்கம்! எழுந்திரு. உனக்குத்தான் இது எல்லாரையும்விட அவசியம், தெரியுமா? நீ இப்படி எழுதினா நான் யாருக்குடி சொல்லிக் குடுக்கிறேன்? வாழவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

அவள் தலை குனிந்து நின்றாள். பீரியட் முடியும்வரை உட்காரச் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் முழுதாக நம்பிக்கை வருவதில்லை. அவளுக்காக மட்டும்தான் பொறுக்கவில்லையா? இந்த வகுப்பிலேயே பெரிய ரகசியம் ஒன்று எனக்கு மட்டும் தெரியும் என்கிற பெருமையும் இருந்ததா? பதினைந்து வயதில் இதெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அன்று மாலை அவள் குளிக்கப் போனபோது தகரப் பெட்டியைத் திறந்தேன். சாவியை எங்கே வைப்பாள் என்று எனக்குத் தெரியும். நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சர்களின் அறைக்கு ஓடினேன்.

டீச்சர் புறப்படத் தயாராக நின்றிருந்தார். நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"இவளா? இவளா எழுதினா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. "இத வச்சுக்கிட்டா அரப் பக்கம் குடுத்தா?"

"டீச்சர், அவளுக்குத் தெரியாது. யாருகிட்டயும் காட்டக் கூடாதுன்னா."

"தன்னடக்கம்" என்றார் டீச்சர். "அதுக்கென்ன, நான் பாத்துக்கிறேன். சபையில கைதட்டு வாங்கினா அவ கூச்சம் போயிரும்."

மாமாவைப் பற்றி, மில்லைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை கூட்டம். பெரிய ஹாலில் பாய் விரித்து, பின்னால் பெஞ்சு போட்டிருந்தது. அன்று குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் வரும் நாள். டவுனிலிருந்து வந்த அம்மாக்கள் குழாயை விட்டு வந்த கவலையில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் அம்மா வரவில்லை. மாமா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கால் விரல்களின் இடுக்கில் செம்மண். பெஞ்சில் உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும்மா" என்று சுவரோரமாக நின்றார். மரியாதைக்காரர்.

தையல் டீச்சர் மேடையேறினார். ஒரு பதினைந்து வயதுப் பெண் யார் தயவும் இல்லாமல் தன் அம்மாவையும் வைத்துக்கொண்டு எப்படி வாழ முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள் பாருங்கள் என்று சொல்லி, பெயரையும் சொன்னார். எனக்குப் பக்கத்தில் அவள் உடம்பு விறைத்தது. என் பக்கம் திரும்பவில்லை.

டீச்சர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாடகை தொண்ணூறு. அம்மாவுக்குப் பால். அம்மாவுக்கு மருந்து. பூட்டு, சாவி இரண்டு. பால் என்று வந்தபோதே ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசிக்கு முந்தின வரியை டீச்சர் முன்பு கவனித்தாரோ இல்லையோ, அதே குரலில் வாசித்துவிட்டார்.

"மாமா வீட்டுக்குப் போய்வர பஸ் செலவு: இல்லை."

அதற்கு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். மாமாவும் தட்டினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிரித்த முகத்துடன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடத் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் தலைமை ஆசிரியையிடம் வந்தார். "புள்ள நல்லாக் கணக்குப் போடுதும்மா. எல்லாம் நீங்க போட்ட பிச்ச. ஊருல சாமி கும்புடு. ரெண்டு நா கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விட்டுர்றேன்" என்றார். தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவள் விடுதிக்கு வந்து இரண்டு பாவாடையை மஞ்சள் பையில் வைத்தாள். நான் கதவருகே நின்றேன். "திங்கக்கெழம வந்துருவேல்ல?" என்று கேட்டேன். தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கையை விட்டுப் பார்த்தாள், மூடினாள். "வாரேன்" என்று மட்டும் சொன்னாள். பாய் சுருட்டாமல் கிடந்தது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. மூன்றாவது வாரம் தையல் டீச்சர், வார்டன் அம்மாவிடம் கேட்டு என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வேடசந்தூர் வரை பஸ்ஸில் போனோம். அங்கிருந்து மில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டோம். சீட்டெல்லாம் பஞ்சுத் தூசி. வழியில் டீச்சர், "மாமான்னு ஒரு வரி இருந்துச்சே, அத நான் ஏன் யோசிக்கல?" என்றார். அது என்னிடம் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. அப்போதுதான் அவள் சொன்னதையெல்லாம் நான் அழுதுகொண்டே சொன்னேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா வீட்டில் இருந்தார். மோர் கொடுக்கச் சொன்னார். வாசலில் வற்றின கிணற்றின் கயிறு சுருட்டி மாட்டியிருந்தது.

"அவ மில்லுக்குப் போயிட்டாளுங்க டீச்சர். சேத்து விட்டாச்சு."

"பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லைங்க. எழுத மட்டும் அனுப்புங்க. நான் வந்து கூட்டிட்டுப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுறேன்."

"எழுதி என்ன செய்யப் போறா? நீங்கதான் சொல்லிக் குடுத்தீக, சொந்தக் கால்ல நிக்கணும்னு. நிக்க வச்சிட்டோம்." குரல் உயரவே இல்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எட்டு வருஷம் ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்துனேன் டீச்சர். எம் புள்ளைகளுக்கு இல்லாதப்பவும் ஊத்துனேன். அம்புட்டுப் பேரு முன்னால நான் எதுல சேத்தின்னு வாசிச்சீக பாருங்க. பஸ்ஸுக் காசுக்குக்கூடப் பெறாதவன்."

டீச்சர் மோர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அவள் அம்மாவை மாட்டுக்கொட்டத்தில் பார்த்தோம். சாணி அள்ளிக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நல்லாருக்காளாம்மா. மூணு வேள சோறு போடுறாங்களாம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. அது நிற்க வெகுநேரம் ஆயிற்று. "ஏம்மா, அவ எழுதின நோட்டு உங்க கைக்கு எப்படிம்மா வந்துச்சு? அதைத்தான் கேட்டு அழுதா."

நான் டீச்சரைப் பார்த்தேன். "அவ பெட்டியிலருந்து நான் எடுத்தேன்" என்றார் டீச்சர், தயங்காமல். "தப்புத்தான்."

மில் வாசலில் வாட்ச்மேன் விடவில்லை. ரத்த சொந்தம் மட்டும்தான், அதுவும் மாதத்தில் ஒரு ஞாயிறு. டீச்சர் கம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து மிஷின் சத்தம் தரையிலேயே அதிர்ந்தது. வெயிலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தோம். தலைமை ஆசிரியையிடம் டீச்சர் எழுதிக் கொடுத்தார். குடும்ப விஷயத்தில் பள்ளிக்கூடம் தலையிட முடியாது என்று பதில் வந்தது. பரீட்சை ஹாலில் எனக்கு முந்தின எண் ஒட்டிய மேஜை ஏழு நாளும் காலியாக இருந்தது.

அந்த டப்பா பிறகு வரவில்லை. மிச்ச வெள்ளிக்கிழமைகளில் பழைய செய்தித்தாளில் ஜாக்கெட் அளவு வெட்டக் கற்றுக்கொண்டோம். அடுத்த வருடம் தையல் டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று தெரியவில்லை.

அவரை நான் குறை சொல்ல எழுதவில்லை. அந்த வயதில் அவரைப்போல் நம்மை மனுஷியாக மதித்துப் பேசியவர் வேறு யார்? நானும் பிற்பாடு சொந்தமாகச் சம்பாதித்து, சொந்தமாக வாடகை கொடுத்து, மாதக் கடைசியில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் இருந்த நாட்களைக் கடந்துதான் வந்தேன். அவர் சொல்லித் தந்தது உதவியது. ஆனால் ஒரு பெண் கிளம்பிப் போனால் அது யாருடைய கையிலிருந்து எதைப் பிடுங்குகிறது, அவர்கள் சும்மா விடுவார்களா என்பதற்கு அந்த நோட்டில் இடம் இல்லை. அவருக்கு அது தோன்றவில்லை. அவரை விட்டுப் போன புருஷன் எதையும் கேட்காமல் போனவர். என் பக்கத்துப் பாய்க்காரிக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

நாலு வருடம் முன்பு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். முதலில் பார்த்தது அவள்தான். நான் கடந்து போயிருப்பேன். "ஆத்தூர்க்காரி" என்று கூப்பிட்டாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கையில் ஒரு சாக்குப் பை, காதில் கவரிங் தோடு.

"சாப்டியாடி?" என்றாள் முதலில்.

டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். மூன்று வருடம் முடித்தாளாம். தொகை வந்ததாம். மாமா போர் போட்டாராம்.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. நாலு வருஷம் வந்துச்சு."

கல்யாணம் ஆகிப் பிரிந்து வந்துவிட்டாளாம். இப்போது அதே மில்லில் விடுதிச் சமையலில் இருக்கிறாள். "இப்ப வர்ற புள்ளைக எல்லாம் ஒடிசாக்காரப் புள்ளைக. பேச்சு புரியாது. சப்பாத்தின்னா மட்டும் புரியும்" என்றாள். அம்மாவைக் கேட்டேன்.

"ரெண்டாம் வருஷமே போயிருச்சு. ஒரு நா லீவு குடுத்தாங்க. நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முப்பது வருடமாக வாய்க்குள்ளே கிடந்ததைச் சொன்னேன். "அந்த நோட்ட டீச்சர்கிட்ட எடுத்துக் குடுத்தது நான்தான்."

அவள் சாக்குப் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும்டி. பெட்டிச் சாவி இருந்த எடம் ஒனக்குத்தான தெரியும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"பஸ் ஏறுறப்பவே தெரியும்."

"என்மேல கோவமில்லையா?"

அவள் யோசித்துச் சொன்னாள். "அம்மா இருந்தவரைக்கும் இருந்துச்சு. அப்புறம் எதுக்கு?" பிறகு, "ஒரே ஒரு நா அதக் கதவு இருக்கிற வீட்டுல படுக்க வச்சிருக்கலாம்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

ஓடிப்போய் ஏறும்போது போன் நம்பர் கேட்டேன். படியில் நின்றுகொண்டு சொன்னாள். கண்டக்டர் விசில், பக்கத்து வண்டியின் ஹாரன், அவ்வளவுக்கும் நடுவே பத்து எண்ணையும் அழுத்திப் பெயரைப் போட்டுச் சேமித்தேன். அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். யாரோ ஒரு ஆம்பளை எடுத்தார். "ஏனுங்க, யாரு வேணும்? இது ஒட்டன்சத்திரம் மண்டிங்க" என்றார் தன்மையாக. ஏழு என்று கேட்டது எட்டாக இருக்கலாம் என்று மாற்றிப் பார்த்தேன். அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. எனக்குத் தவறாகக் கேட்டதா, அவள் தவறாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

கரூரில் இருக்கும் மகனைப் பார்க்க மாதம் ஒருமுறை வேடசந்தூர் வழியாகத்தான் போகிறேன். பஸ் அந்த மில் வாசலில் நின்று ஆள் ஏற்றித்தான் கிளம்பும். இறங்கி வாட்ச்மேனிடம் கேட்டால் அவளை வெளியே அனுப்புவார்கள். இதுவரை நான் இறங்கவில்லை.